மாட்டுக்குத்தான் நர்சம்மா

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. ஜன்னல் ஓரம் வேணும்னா மாறிக்கலாம், எனக்கு இந்த மலையில வாந்தியெல்லாம் வராது. முப்பது வருசமா ஏறி எறங்குன ரோடு. எந்த வளைவுல டிரைவர் ஆரன் அடிப்பாருன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். ஒரு உதவி பண்ணுங்க, இந்த டிக்கெட்ட என் பர்சுல வச்சு ஜிப்ப இழுத்து விட்டுடுங்க. எனக்கு விரல் மடங்க மாட்டேங்குது. அது ஒரு கதை, அப்புறம் சொல்றேன்.

அதென்ன கையில, எலுமிச்சம்பழமா? மோந்து பாக்கவா? படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க, ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு மாத்திரை போட்டிருந்தா முடிஞ்சுது. அட, அத எதுக்கு பாக்கெட்டுல ஒளிச்சு வைக்கறீங்க? நான் சும்மாதான கேட்டேன். எங்கிட்ட யாரும் எதையும் மறைக்க மாட்டாங்க தம்பி. அது என் ராசி.

புளி வாங்கப் போறீங்களா? நல்ல நேரம்தான், மாசியில வந்தா பழம் நல்லா காஞ்சிருக்கும். எந்த ஊரு, ஊஞ்சப்பட்டா? நானும் அங்கதான். சும்மா, தெரிஞ்சவங்கள பாத்துட்டு வரலாம்னு. அங்க எனக்குத் தெரியாத வீடு கிடையாது. கிராம சுகாதார நர்சு நான், ரிட்டையர் ஆயிட்டேன். பேரு கமலவேணி, ஆனா அந்தப் பேரச் சொல்லிக் கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நர்சம்மான்னு கேளுங்க, வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து விடுவாங்க.

நான் வேலைக்கு வந்த புதுசுல இந்த மலையில ஒருத்தரும் மாத்திரைய தொட மாட்டாங்க. காய்ச்சலா, ஒரு இலை. வயித்து வலியா, ஒரு வேரு. புள்ள பெத்தா ஒரு சட்டி நிறைய கஷாயம். நான் ஒவ்வொரு வீடா போயி சண்ட போட்டேன். கர்ப்பிணிங்களுக்குச் சத்து மாத்திரை குடுத்தா கூரையில சொருகி வச்சிருப்பாங்க, நான் கூரையில கைய விட்டு எடுத்து, என் கண்ணு முன்னாடி முழுங்க வச்சுட்டுத்தான் நகருவேன். கடைசியில என்ன ஆச்சு? இப்பக்கூட என்னைய தூரத்துல பாத்தா, வாங்கன்னு கூட சொல்ல மாட்டாங்க, "மாத்திரை போட்டுட்டேன் நர்சம்மா"ன்னுதான் சொல்லுவாங்க. கல்யாணமாகாத பொண்ணு சொல்லும், ஒரு ஆம்பளைகூட சொன்னான். அவ்வளவு தூரம் பழக்கி வச்சிருக்கேன்.

அதுக்கு ஒரு தந்திரமும் வச்சிருந்தேன், கேளுங்க. சில வீட்டுல கேட்டா ஒண்ணும் இல்லம்பாங்க. அங்க போயி, "ஐயோ, எனக்கே முட்டி வலிக்குதே, ஏதாவது இலை கிலை இருக்கா"ன்னு மெதுவா உக்காந்துடுவேன். ஊஞ்சப்பட்டுல கரியாயின்னு ஒரு பொம்பள. நான் நடிச்சேன்னு தெரியாம ஓடிப்போயி என்னத்தையோ பறிச்சுட்டு வந்து, அரைச்சு, சின்ன சட்டியில எடுத்துட்டு வந்து, என் காலத் தூக்கி அவ மடியில வச்சுக்கிட்டு பொறுமையா தடவி விட்டா. முழுக்க தடவட்டும்னு இருந்தேன். அப்புறம் எந்திரிச்சு, "ஆக இதெல்லாம் வீட்டுல வச்சிருக்க"ன்னு சொல்லி, மிச்சத்த சட்டியோட வாசல்ல கொட்டிட்டு, ஊரக் கூட்டி ஒரு மணி நேரம் சுகாதாரம் பத்திப் பேசினேன். அவ முகம் போன போக்கப் பாக்கணுமே. அவ மருமக சடைச்சி அப்ப புதுப்பொண்ணு, கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்கு மலை எறங்கும்போது முட்டி என்னமோ லேசாத்தான் இருந்துச்சு. அது நான் அவ்வளவு நேரம் உக்காந்திருந்ததால.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். என் மனசுல ஒரு கொறை இருக்கு தம்பி, யாருகிட்டயும் சொல்லல.

ரிட்டையர் ஆயி வீட்டுல இருந்தப்ப, ஒரு காலேஜுல இருந்து பிரிசில்லா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. மலையில இருக்கறவங்களுக்கு என்னென்ன செடி தெரியும், எதுக்கு எத வச்சுக்கறாங்கன்னு வீடு வீடா கேக்கணும், கேள்வி கேக்க ஆளு வேணும்னாங்க. என்னைய விட்டா அதுக்கு யாரு இருக்கா? ஆனா நான் மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு பேர எடுத்தாங்க. ஒருத்தன் தினகரன், அடிவாரத்துப் பையன். இன்னொருத்தி தேன்மொழி, அவ மாசமா இருந்தா. ஆறு மாசமோ ஏழு மாசமோ. போற எடமெல்லாம் வாந்தி. இந்த நெலமையில மலைக்கு எதுக்கும்மா வர்றன்னு கேட்டா, வீட்டுல சும்மா இருந்தா இன்னும் வாந்தி வருதுக்கான்னு சொல்லுவா.

இதுல வேடிக்க என்னன்னா, மூணு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போகணும். இன்னைக்கு நான் கேட்ட வீட்டுல பத்து நாள் கழிச்சு அவன் கேப்பான், அதுக்கப்புறம் அவ கேப்பா. அதே கேள்வி. ஒருத்தர் ஒழுங்கா கேக்கலன்னா இன்னொருத்தர் சரி பண்ணட்டும்னு வச்சிருக்காங்க போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு பாதி நேரம் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா மேடத்துக்கும் பயம் இருக்கும்ல.

போறதுக்கு முன்னாடி எங்களுக்கு டிரெய்னிங் குடுத்தாங்க. பேப்பர்ல இருக்கற கேள்விய அப்படியே படிக்கணும். பதில் சொன்னா தலையாட்டக் கூடாது, நல்லதுன்னு சொல்லக் கூடாது, முகத்த சுளிக்கக் கூடாது. செவுத்துல மாட்டுன காலண்டர் மாதிரி உக்காந்திருக்கணும்னாங்க. எனக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா? முப்பது வருசம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குனவ நான்.

ஆனா அந்தக் கேள்வி சரியில்ல தம்பி. "உங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு எந்தச் செடியைப் பயன்படுத்துகிறீர்கள்"னு இருந்துச்சு. அப்படிக் கேட்டா, எதையும் பயன்படுத்தாதவங்ககூட, பாவம் கேக்கறாங்களேன்னு எதையாவது சொல்லி வைப்பாங்க. நம்மளே பதில வாயில ஊட்டி விடற மாதிரி ஆயிடும். அதனால நான் கொஞ்சம் திருத்திக்கிட்டேன். மொதல்ல கண்ணு எமைய இழுத்து ரத்தம் இருக்கான்னு பாப்பேன், அதுக்குக் கை தானா போயிடும். சத்து மாத்திரை சாப்பிடறியான்னு கேப்பேன். அப்புறம் நேரா விசயத்துக்கு வந்துடுவேன். "காய்ச்சல்னா மாத்திரைதான போடற? எலை, தழைன்னு எதையும் அரைச்சுக் குடிக்கறதில்லயே?" அவ்வளவுதான். எல்லாரும் டக்குனு பதில் சொன்னாங்க. "இல்லீங்க நர்சம்மா." எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா, ஒவ்வொரு வீட்டுலயும் 'இல்லை, இல்லை'ன்னு எழுதிக்கிட்டு வரும்போது.

சில வீட்டுல அடுப்புல என்னமோ கொதிக்கும். வாசம் மூக்கத் தொளைக்கும். என்னடி அதுன்னு கேட்டா, "மாட்டுக்குத்தான் நர்சம்மா"ம்பாங்க. நான் மாட்டு டாக்டர் இல்லையே, அத எதுக்கு எழுதணும்? மேடம் மனுசங்களுக்குத்தான் கேட்டாங்க. அந்த ஊருல மாட்டுக்கு அந்த வருசம் என்னமோ நோவு போல, எந்த வீட்டுக்குப் போனாலும் மாட்டுக்குத்தான் கொதிச்சுது. ஒரு வீட்டுல மாடே இல்ல. பக்கத்து வீட்டு மாடா இருக்கும். இன்னொரு வீட்டுல புள்ளைக்கு நெத்தியெல்லாம் பச்சையா அப்பி இருந்துச்சு, வெளையாடிட்டு வந்திருக்கான்னாங்க. மலப்புள்ளைங்க அப்படித்தான், புதர்ல பொரளும்.

வேல முடிஞ்சு, மேடம் எங்க மூணு பேரையும் காலேஜுக்குக் கூப்பிட்டாங்க. நான் பட்டுச் சேல கட்டிக்கிட்டுப் போனேன். டீ குடுத்தாங்க, அப்புறம் செவுத்துல படம் போட்டுக் காட்டுனாங்க. மூணு பேரு பேரும் இருக்கு, அதுக்குக் கீழ செடி பேரு. தினகரனுக்குக் கீழ துளசி, வேப்பிலை, கற்பூரவல்லி, எல்லாம் வீட்டச் சுத்தி மொளைக்கிறது. காட்டுக்குள்ள இருந்து ஒரு வேருகூட இல்ல.

எனக்குச் சிரிப்பு அடங்கல. ஏன்னு சொல்றேன். அவன் போனதெல்லாம் காக்கி பேண்ட்டுல. அவுங்க அப்பா காட்டிலாகாவுல வாட்சர், அவரு பழைய பேண்ட்ட வெட்டித் தச்சுப் போட்டுக்கிட்டு வருவான். காக்கியப் பாத்துட்டு எவன்டா, நான் காட்டுக்குள்ள போயி வேரு தோண்டுறேன்னு சொல்லுவான்? கேக்கறதுக்கு முன்னாடி, நம்மளப் பாத்தா அவங்களுக்கு யாரு ஞாபகம் வருதுன்னு யோசிக்க வேணாமா? இத நான் அங்கயே எல்லார் முன்னாடியும் சொன்னேன். மேடம் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களே யோசிக்காத விசயம்ல அது.

தேன்மொழி பேருக்குக் கீழ பாத்தா, படம் முடியவே இல்ல தம்பி. மேல தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு. இலை, பட்டை, கிழங்கு, கொடி. புள்ள பெத்தவளுக்கு இது, பால் சொரக்க அது, கொழந்தைக்கு மாந்தம்னா இன்னொண்ணு. அவள ஒக்கார வச்சு, சாப்பாடு போட்டு, கால நீவி விட்டு, கேக்காததையெல்லாம் சொல்லியிருக்காளுங்க. மாசமா இருக்கறவளாச்சேன்னு வீட்டோட விடாம, காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி செடியக் காட்டியிருக்காளுங்க.

எனக்குக் கீழ ஒண்ணுமில்ல. வெள்ளையா இருந்துச்சு.

நான் விடல. மாசமா இருக்கற பொண்ணு கேட்டா எரக்கப்பட்டு கத கட்டி விடுவாளுங்க மேடம், அதப் போயி நம்பலாமான்னு கேட்டேன். அதுக்கு மேடம் ஆமான்னுதான் சொன்னாங்க. அவ வயித்தப் பாத்துட்டு எல்லாரும் புள்ளப்பேறு மருந்தாவே சொல்லியிருக்காங்க, பாம்புக்கடிக்கு ஒருத்தர்கூட சொல்லல, அதுவும் பாதிதான்னாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் அந்த வார்த்தையச் சொன்னாங்க.

"சிஸ்டர், நீங்க கொண்டுவந்தது வீண் இல்ல. கேக்கற ஆளு மாறுனா பதில் எப்படி மாறுதுன்னு பாக்கத்தான் ஒரே வீட்டுக்கு மூணு பேர அனுப்பினோம். அவங்க எல்லாரும் உங்ககிட்ட ஒண்ணுவிடாம மறைக்கறாங்க. எங்களுக்கு அதுதான் பெரிய விசயம்."

மறைக்கறாங்களாம். எங்கிட்ட. முப்பது வருசம், மழையில, அட்டைக்கடியில, அந்த மொபெட்ட உருட்டிக்கிட்டு ஏறினவகிட்ட. சடைச்சிக்கு ரெண்டாவது புள்ள இந்த ரோட்டுலதான் பொறந்துச்சு. இதோ இந்த வளைவுல, ஜீப்புக்குள்ள. இந்தக் கையிலதான் வாங்குனேன். அவ எங்கிட்ட மறைப்பாளா? சொல்லுங்க. அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது அழுகையா வந்துச்சு, வெளிய சொல்லிக்க முடியல. மேடத்துக்கு மலையப் பத்தி என்ன தெரியும், ரெண்டு தடவ வந்து போட்டோ எடுத்துட்டுப் போனா எல்லாம் தெரிஞ்சுடுமான்னு மனச தேத்திக்கிட்டேன்.

இப்ப இந்தக் கை கதைய சொல்றேன். ஐப்பசியில ஒரு காய்ச்சல் வந்துச்சே, இங்க மேல, கீழ எல்லாருக்கும் வந்துச்சே, அது எனக்கும் வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு, மூட்டு வலி போகல. கணுக்காலு, மணிக்கட்டு, முக்கியமா இந்த விரலு. காலையில எந்திரிச்சா கைய மூட முடியாது. தலைய பின்னிக்க முடியல, பாருங்க, வெறும் ரப்பர் பேண்டுதான் போட்டிருக்கேன். மொபெட்டுல பிரேக்கு புடிக்க முடியாம வண்டிய மூடி வச்சுட்டேன். நான் வண்டி ஓட்டி பழகுனவ தம்பி, இப்படி பஸ்ஸுல ஒருத்தர ஜிப்பு மூடி விடச் சொல்றது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. டாக்டரு மாத்திர குடுத்திருக்காரு, போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போகப் போக சரியாகும்னு சொல்றாரு. வலி நிக்கல, வயிறுதான் எரியுது.

பொங்கலுக்கு முன்னாடி சந்தையில சடைச்சியப் பாத்தேன். அவளுக்கும் அதே காய்ச்சல், அதே மாசம், எனக்குத் தெரியும். ஒரு மூட்ட சாமைய சும்மா அலேக்கா தூக்கி லாரியில போடறா. எனக்கு வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல். மறுநாளே பஸ் ஏறி அவ வீட்டுக்குப் போயிட்டேன்.

என்னையப் பாத்ததும், "மாத்திரை போட்டுட்டேன் நர்சம்மா"ன்னா. சரி, இருக்கட்டும், கை எப்படிடி சரியாச்சுன்னேன். மாத்திரைலதான்னா. அவ விரலப் பாக்கறேன், நகக்கண்ணெல்லாம் பச்சை. அடுப்புல சட்டி கொதிக்குது. அது என்னடின்னேன். மாட்டுக்குத்தான்னா.

நான் அவகிட்ட கைய நீட்டிக் காட்டினேன். வீங்கியிருக்கு பாரு, நெசமா வலிக்குதுடி, எனக்கும் கொஞ்சம் அரைச்சுக் குடுன்னேன். முப்பது வருசத்துல நான் அந்த ஊருல யாருகிட்டயும் கெஞ்சினது இல்ல. அவ என் கையப் பாத்தா. என் மூஞ்சியப் பாத்தா. அப்புறம் மெதுவா போயி, சட்டிய தட்டு போட்டு மூடிட்டு, அதுக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டா.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க நர்சம்மா. எலை தழையெல்லாம் நம்பக் கூடாது. நீங்கதான சொல்லியிருக்கீங்க."

நான் சொன்ன வார்த்தையேதான், ஒரு எழுத்து பெசகல. சட்டிக்கு முன்னாடி எதுக்கு அப்படி நின்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. நான் என்ன, அதத் தூக்கியா கொட்டப் போறேன்?

மேடத்துக்கு போன் போட்டேன். அந்த மூட்டு வலிக்கு என்ன செடின்னு யாராவது சொல்லியிருக்காங்களான்னு கேட்டேன். அது அவங்க சொத்து சிஸ்டர், அவங்க அனுமதி இல்லாம வெளிய சொல்ல மாட்டோம்னு வாக்கு குடுத்திருக்கோம்னுட்டாங்க. தேன்மொழிகிட்ட கேக்கலாம்தான். அவ புள்ள பெத்து அம்மா வீட்டுல இருக்கா. அவகிட்ட போயி நான் கேக்கறதா? அதுக்கு இந்தக் கை இப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

அதான் தம்பி, உங்களப் பாத்ததும் ஒரு யோசன வந்துச்சு. நீங்க கவர்மெண்டு ஆளு இல்ல, காலேஜு இல்ல. புளி வாங்க வந்தவரு. ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன். பஸ் ஸ்டாப்புல இருந்து மூணாவது வீடு சடைச்சி வீடு, அவகிட்ட நல்ல புளியும் இருக்கும். போனதும் கேட்டுடாதீங்க. மொதல்ல உக்காந்து தண்ணி வாங்கிக் குடிங்க. பேப்பரு, பேனா, செல்போனு எதையும் வெளிய எடுக்காதீங்க. மாத்திரைங்கற பேச்சே வேணாம். "இருக்கா, இல்லையா"ன்னும் கேக்காதீங்க, அப்படிக் கேட்டா இல்லன்னுதான் வரும். எங்கம்மாவுக்கு அந்தக் காய்ச்சலுக்கப்புறம் விரலு மடங்கல, தல சீவிக்கக்கூட முடியாம அழுவறாங்கன்னு சொல்லிட்டு சும்மா இருங்க. அவளே பேசுவா. பேசுனா நல்லா தலையாட்டுங்க, பரவால்ல.

அந்த எலுமிச்சம்பழத்த எங்க போட்டீங்க? எடுங்க, எடுத்து கையிலயே வச்சுக்கங்க. எறங்கும்போதும் மோந்துக்கிட்டே எறங்குங்க. அதப் பாத்தா அவளுக்கு உங்க மேல ஒரு நம்பிக்க வரும்.

எனக்கு இந்த மருந்து மேலயெல்லாம் நம்பிக்க வந்துடுச்சுன்னு நெனச்சுடாதீங்க. ஒரு தடவ போட்டுப் பாக்கறது, அவ்வளவுதான். டாக்டரு மாத்திரையும் விடப் போறதில்ல.

ஊரு வந்துடுச்சு பாருங்க. அதோ, புளிய மரத்துக்கடியில செவப்புச் சேல கட்டிக்கிட்டு நிக்கறா பாருங்க, அவதான் சடைச்சி. கூட நிக்கறவங்களும் தெரிஞ்சவங்கதான். ஜன்னல்ல என் தலையப் பாத்துட்டா. கேட்டுச்சா என்ன சொல்றான்னு? "மாத்திரை போட்டுட்டேன் நர்சம்மா." பஸ்ஸு இன்னும் நிக்கவே இல்ல, நான் இன்னும் வாயத் தொறக்கல.

நீங்க முன்வாசல் வழியா எறங்குங்க தம்பி. நான் பின்னால எறங்கி அப்படியே கோயில் பக்கம் போயிடறேன், வேல முடிஞ்சதும் அங்க வாங்க. என்கூட பேசிக்கிட்டு வந்த மாதிரி காட்டிக்காதீங்க, திரும்பிக்கூட பாக்காதீங்க. என்கூட வந்த ஆளுன்னு தெரிஞ்சுதுன்னா, உங்ககிட்டயும் மாட்டுக்குத்தான்னு சொல்லிடுவாங்க.